சிலோன்காரர் வெட்டிவைத்த வளையம்

போன செவ்வாய்க்கிழமை நம் பட்டறைக்கு ஒரு சிவப்புக் கார் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத வண்டி. கம்பெனி போட்ட சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, கை நுழைகிற அளவுக்குப் பெரிய பைப்பை எங்கோ மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அழுத்தி மிதித்தால் டர்போவின் காற்றழுத்தம் எல்லையைத் தாண்டுகிறது, உடனே இன்ஜின் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. உங்களில் ஒருவர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, "இந்த லிமிட்டைத் தூக்கிவிட்டுட்டா சரியாப் போயிரும் சார்" என்றார். யார் என்று எழுதப்போவதில்லை. சொன்னவருக்குத் தெரியும்.

நான் அப்போது ஓரமாக நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீயைப் பாதியிலேயே கீழே வைத்தேன். ஓய்வு பெற்றவன் பட்டறைக்குப் போனால் வாயைத் திறக்கக் கூடாது என்று என் வீட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதனால் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். சாப்பாட்டு நேரத்தில் படியுங்கள். கை துடைத்துவிட்டுப் படியுங்கள்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. நீங்கள் ஒரு பட்டனில் செய்யப் பார்த்ததை நான் ஒரு சாண் வயரில் செய்தவன்.

எழுபதுகளின் கடைசியில் நாயுடுபுரத்தில் என் பட்டறை இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் பனி. கொடைக்கானல் மெக்கானிக்குகளிடம் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இருந்து ஏறிவரும் கார்கள் இங்கே வந்ததும் மூச்சு முட்டிக் கறுப்பாகப் புகைக்கும். மலை மேலே காற்று மெலிசு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே ஊற்றிய அளவுக்கே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் அதிலுள்ள திருகை அரைச் சுற்று உள்ளே திருகிப் பெட்ரோலைக் குறைப்போம். குறைத்துவிட்டு, முன் கண்ணாடியின் ஓரத்தில் சாக்பீஸால் '½' என்று எழுதிவிடுவோம். வத்தலக்குண்டில் இறங்கியதும் அந்த அரைச் சுற்றைத் திருப்பிவிடு என்று அர்த்தம். மறந்துபோய் அப்படியே சமவெளியில் ஓட்டினால் இன்ஜின் சூடேறிக் கெட்டுப்போகும். டாக்சிக்காரர்கள் எல்லாருக்கும் அந்த எழுத்து தெரியும். மலையில் செய்கிற எந்த வேலைக்கும் கீழே ஒரு பாக்கி உண்டு என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியை மறந்த கதைதான் இது.

பட்டறை தொடங்கி ஒரு வருஷம் ஆனபோது அவர் வந்தார். என்னைவிட இரண்டு, மூன்று வயது பெரியவர். சட்டைப் பையில் வெல்டிங் கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை. சிலோனில் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டுக் கப்பலேறி வந்து, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலை ஏறியிருந்தார். "ஏன் இங்க வந்தீங்க? கீழ மில்லுல நல்ல வேலை கிடைக்குமே" என்று கேட்டேன். "குளிர் இல்லாம தூக்கம் வருதில்லண்ணே" என்றார். என்னைவிட மூத்தவர், முதல் நாளே என்னை அண்ணே என்றார். நானும் திருத்தவில்லை. முதலாளி ஆசை யாரை விட்டது!

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. பட்டறையில் எல்லாரும் அவரை சிலோன்காரர் என்றுதான் கூப்பிட்டோம். ஏழு வருஷம் நான் வாயால் கூப்பிடாத பெயரை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது?

அவர் வெல்டிங்கில் ஒரு அடையாளம் இருக்கும். மற்றவர்கள் கோட்டின் முடிவுக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். அவர் முடிவுக்கு வந்து, ஒரு விரற்கடை தூரம் திரும்பி வந்து, அங்கே முடிப்பார். பார்ப்பதற்குச் சின்ன வால் மாதிரி இருக்கும். எதற்கு அந்த வால் என்று கேட்டேன். "முடிக்கிற எடத்துலதான் வெடிப்பு தொடங்கும். கொஞ்சம் திரும்பி வந்து முடிச்சா வெடிக்காது. விளங்குதா?" என்றார். அவர் போட்ட வால் எதுவும் விரிந்து நான் பார்த்ததில்லை.

நானும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று சொன்னால் மிகை. ஆனால் என் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். அவர் வீட்டுத் தேங்காய்ச் சம்பல் வாரம் ஒருமுறை எனக்கு வரும். மழை நாட்களில் வேலை இல்லாமல் இரண்டு பேரும் அடுப்பருகே உட்கார்ந்திருப்போம். அவர் தன் தேயிலை மலையைப் பற்றிப் பேசுவார். லயத்து வரிசை வீடுகளின் ஓரத்தில் ஓடும் தண்ணீர், காலையில் ஊதும் கொம்பு, மாலையில் ஃபாக்டரியிலிருந்து வரும் வாசனை. நான் பாதி கேட்டுப் பாதி தூங்குவேன். இப்போது அந்தப் பேச்சில் ஒரு மணி நேரத்தைத் திரும்பக் கொடுப்பதாக யாராவது சொன்னால் என்னிடம் இருப்பதையெல்லாம் கொடுப்பேன்.

எண்பதுகளின் நடுவில் அந்தக் கார் வந்தது. தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பையன் வெளிநாட்டில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தது. முப்பது வயது, நல்ல மனசு, மிதிக்கிற கால் மட்டும் கொஞ்சம் கனம். காரில் டர்போ இருந்தது, வெளியேறும் புகையால் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளுகிற காத்தாடி. அதுவரைக்கும் பெட்ரோல் காரில் டர்போவை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். தாண்டிக்குடி ரோட்டில் ஒரு பாறை சைலன்சரை அடியோடு கிழித்துவிட்டது. அந்த சைலன்சர் இந்தியாவில் எங்கேயும் கிடைக்காது. வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டால் ஆறு மாதம் ஆகும்.

"அண்ணே, நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார் தாண்டிக்குடிக்காரர்.

செய்தேன். ஒரு பழைய லாரியின் எக்ஸாஸ்ட் பைப்பை எடுத்து, இருந்ததைவிட நல்ல பெரிதாக, வளைவுகளைக் குறைத்து, நேராக இழுத்துவிட்டேன். வெல்டிங் முழுக்க சிலோன்காரர். அவர் வேலை செய்யும்போதே, "பழைய பைப்பு ஒடுக்கமா இருந்திச்சே அண்ணே. ஒரு காரணம் இருக்கும்தானே?" என்று கேட்டார். "காரணம் என்ன காரணம், கம்பெனிக்காரன் தகடு மிச்சம் பிடிச்சிருக்கான்" என்றேன். பழைய பைப்பைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன்.

வண்டி கிளம்பியபோது என்ன சத்தம் தெரியுமா! அப்சர்வேட்டரி ரோட்டு ஏற்றத்தில் முன்பைவிட வேகமாக ஏறியது. எங்களுக்குச் சோதனை என்றால் அந்த ஏற்றம்தான். அதில் இழுத்தால் வண்டி சரி. தாண்டிக்குடிக்காரர் இறங்கிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கம்பெனிக்காரன் உங்ககிட்ட வந்து படிக்கணும்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னைக் கெடுத்தது. புகழ்ச்சியில் மயங்காதே என்று பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்வார். அவருக்கு மெக்கானிக்குகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

அது கழிந்து ஒரு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. மலை இறங்கும் வழியில் ஊத்து என்கிற ஊருக்குக் கீழே, பண்ணைக்காட்டுப் பிரிவுப் பக்கம், நன்றாக மிதித்தால் இன்ஜின் சட்டென்று அணைந்துவிடுகிறதாம். காலை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. நான் ஓட்டிப் பார்த்தேன். கொடைக்கானலில் ஒரு தடவைகூட அணையவில்லை. பெட்ரோல் வடிகட்டியைத் துடைத்தேன், பிளக்கைப் பார்த்தேன். கடைசியில் பானெட்டுக்குள் அந்தச் சின்ன ஸ்விட்ச் கண்ணில் பட்டது. டர்போவின் அழுத்தம் எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் பம்பை நிறுத்திவிடுகிற காவல்காரன் அது. மேலே வேலை செய்யாமல் கீழே மட்டும் வேலை செய்கிறதே, காவல்காரனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். ஒரு சாண் வயரை எடுத்து ஸ்விட்சின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினேன். இனி அது கத்தினாலும் பம்புக்குக் கேட்காது.

சிலோன்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கீழ போகப் போகத்தானே நிக்குது?"

"ஆமா. அதுக்கு?"

"மேல காத்து மெலிசு. கீழ காத்து கனம். இந்தக் காத்தாடி கீழ கூடுதலா உள்ள தள்ளுது. ஸ்விட்சில பிழை இல்ல. நாங்க போட்ட பைப்பிலதான் பிழை."

பிறகு ஃபாக்டரியில் நடந்த ஒன்றைச் சொன்னார். அங்கே பெரிய டீசல் இன்ஜினில் இதே மாதிரி காத்தாடி இருந்ததாம். தோட்டத்துத் தொரை புகைக் குழாயை அகலமாக மாற்றினாராம். புகை தடையில்லாமல் ஓட, காத்தாடி அளவுக்கு மீறிச் சுற்றி, ஒரு நாள் சிதறிவிட்டதாம். "ஒடுக்கமா ஒரு வளையம் வெட்டி இடையில வைப்பம். சுணங்காது, ஒரு பொழுது வேலை" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்கு உங்களுக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. டர்போவைச் சுற்றுவது வெளியேறும் புகை. புகை போகும் வழியை அகலப்படுத்தினால் அது இன்னும் வேகமாகச் சுற்றும். மிச்சப் புகையைப் பக்கவாட்டில் வெளியே விடுவதற்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறதே, வேஸ்ட்கேட், அது பழைய ஒடுக்கமான பைப்புக்காகச் செய்தது. புதிய வேகத்துக்கு அது போதாது. மேலே மெல்லிய காற்றில் இந்தக் கோளாறு தெரியாது, கீழே தெரியும். கண்ணாடிக்குக் கண்ணாடி '½' எழுதிய எனக்கு இது தெரியாமல் போனதா? டர்போதான் தனக்கு வேண்டிய காற்றைத் தானே செய்துகொள்கிறதே, அதற்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன். அந்த வண்டியின் கண்ணாடியில் மட்டும் நான் சாக்பீஸால் எதுவும் எழுதவில்லை.

"டீசல் இன்ஜினும் இதுவும் ஒண்ணா? சோலியப் பாருங்க" என்றேன். தாண்டிக்குடிக்காரர் இரண்டு நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகவேண்டும்; அன்றைக்கு இரண்டு பேரும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, வண்டியைப் பட்டறையிலேயே விட்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுப் பயணம். அவர் புகழ்ந்த பைப்பை நானே அடைத்துக் கொடுப்பதா என்று எனக்கு வீம்பு. வேறு காரணம் எதுவும் கிடையாது, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் போய் மூன்றாம் நாள் தாண்டிக்குடிக்காரர் தனியாக வந்தார். முகம் வெளிறியிருந்தது. வத்தலக்குண்டு தாண்டிச் சமவெளியில் ஒரு லாரியை முந்தும்போது இன்ஜின் அணைந்துவிட்டது. எதிரே பஸ். எப்படியோ ஒதுங்கி மண்ணில் இறக்கிவிட்டார். பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி.

"சரியாப் போச்சுன்னு சொன்னீங்களேண்ணே!" என்றார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பானெட்டைத் திறந்தேன். நான் கட்டிய வயர் இல்லை. ஸ்விட்ச் பழையபடி மாட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். சிலோன்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றார்.

"கழட்டினது நான்தான். அவங்க போற அண்டைக்கு விடிய வெள்ளனே கழட்டினன்" என்றார்.

அன்றைக்கு நான் பேசியதை எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை. பட்டறையில் நாலு பேர் பார்க்க, வாடிக்கையாளர் பார்க்க, "ஏலே, யாரைக் கேட்டுடா வண்டியில கைய வச்ச? அங்க இருந்து உங்களை அடிச்சு விரட்டுனது சும்மாவா? சோறு போட்ட எடத்துக்கே தீ வைக்கிற புத்தி!" என்று கத்தினேன். என்னைவிட மூத்தவரை 'டா' போட்டேன். மலையை இழந்து, வீட்டை இழந்து வந்த மனிதரின் அந்தப் புண்ணில்தான் கையை வைத்தேன். கோபத்தில் தெரியாமல் வந்த வார்த்தை என்று இத்தனை வருஷமாக என்னை நானே ஏமாற்றப் பார்க்கிறேன். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்துதான் பேசினேன். அடுப்பருகே உட்கார்ந்து அவர் சொன்ன கதைகளிலிருந்துதான் அது எனக்குத் தெரியும்.

 அவர் கையுறையைக் கழற்றினார். கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தார்.

"வளையம் வெட்டி வச்சிருக்கன், முதலாளி. மாட்டிப் பாத்துட்டு ஏசுங்க" என்றார்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என்னை முதலாளி என்றார். அவர் சரிவில் இறங்கிப் போவதைப் பனி மறைக்கும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை.

வீம்பு இன்னும் இறங்கவில்லை. மறுபடியும் வயரைக் கட்டினேன். "வாங்க தம்பி, கீழ போயி ஓட்டிக் காட்டுறேன்" என்று தாண்டிக்குடிக்காரரை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். வத்தலக்குண்டு தாண்டி நேர் ரோட்டில் அவரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்து, டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரையே பார்த்தேன். கொடைக்கானலில் சிவப்புக் கோட்டுக்கு முன்னாலேயே நின்ற முள் இங்கே சிவப்பைத் தாண்டி ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. முன்னால் இன்ஜினிலிருந்து தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அன்றைய நம் பெட்ரோலுக்கு அந்த அழுத்தம் தாங்காது, பிஸ்டன் உருகிப்போகும்.

"காலை எடுங்க! எடுங்க!" என்று கத்தி, நானே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

புளியமரத்து நிழலில் வண்டி நின்றது.  இன்னும் பத்து விநாடி விட்டிருந்தால் இன்ஜின் வெடித்திருக்கும். வெடித்தால் சுடு எண்ணெய் டர்போவின் நெருப்புமேல் கொட்டும். மூன்று நாளுக்கு முன்னால் அதே ரோட்டில், அதே இருக்கையில், அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது தாண்டிக்குடிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, போற அன்னிக்கு அந்த வெல்டர் அண்ணன் என் வீட்டுக்காரிகிட்ட வந்து, 'தாயே, ஐயாவை விரட்ட விடாதீங்க, பாதிக்கு மேல மிதிச்சா நிக்கும், நின்னா பயப்படாதீங்க'ன்னு சொன்னாராம். அவ என்கிட்ட சொன்னா. நான்தான் கேக்கல."

லாரியை முந்தும்போது இன்ஜின் அணைந்ததும் ஆபத்துதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்துதான். எனக்குத் தெரியாமல் அவர் அதைச் செய்திருக்கக் கூடாது என்றும் சொல்லலாம். ஆனால் என்னிடம் அவர் சொல்லிப் பார்த்தார். நான்தான் காதை அடைத்துக்கொண்டேன். நெருப்புக்கும் நின்றுபோவதற்கும் நடுவில் அவர் நின்றுபோவதைத் தேர்ந்தெடுத்தார், அதையும் வண்டியில் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பினார். அந்த இரண்டையும் தவிர அவருக்கு வேறு வழி இல்லாமல் செய்தவன் நான். புளியமரத்தடியிலேயே என் கையால் அந்த வயரைப் பிய்த்து எறிந்தேன்.

நான் செய்த பெரிய தப்பு இதுவரைக்கும் சொன்னது எதுவும் இல்லை. இனிமேல்தான் வருகிறது.

ஊர் திரும்பும்போது சாயங்காலம் நாலு மணி. என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "மொதல்ல போயி அவரைப் பாத்துட்டு வாங்க. வெரசாப் போங்க" என்றாள். அவர் வீடு பட்டறையிலிருந்து கூப்பிடு தூரம். நான் போகவில்லை. வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? வளையத்தை மாட்டி, கீழே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நல்ல சேதியோடு போய் நிற்கலாம், அப்போது மன்னிப்புக் கேட்பது லேசாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். வெட்கப்படுகிற மனசு எத்தனை நியாயம் கண்டுபிடிக்கும் பாருங்கள்.

மறுநாள் அவருடைய மேசையில் வளையத்தைத் தேடினேன். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். கெட்டித் தகட்டில் வெட்டியது. பக்கத்திலேயே நான் குவியலில் எறிந்த பழைய பைப்பின் ஒரு துண்டு. அதன் உள் அளவை எடுத்துத்தான் நடு ஓட்டையைப் போட்டிருக்கிறார். வளையத்தின் மேல் சாக்பீஸால் '½' என்று எழுதியிருந்தது. கண்ணாடியில் நான் எழுத மறந்ததை அவர் அங்கே எழுதியிருந்தார். அது கிண்டலா, ஞாபகமூட்டலா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. கிண்டலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுகிறேன். கோபம் இருந்தால் கிண்டல் வராதே.

பைப்பு இரண்டும் சேரும் இடத்தில் போல்ட்டைக் கழற்றி வளையத்தை இடையில் வைத்தேன். அராவ வேண்டியிருக்கும் என்று அரத்தைக் கையில் எடுத்துவைத்திருந்தேன். அரத்துக்கு வேலையே வரவில்லை. போல்ட் ஓட்டை நாலும் நேருக்கு நேர் உட்கார்ந்தது. அதற்கு அடுத்த நாள் சமவெளியில் எட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டை எட்டாமல் நின்றது. ஸ்விட்ச் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு, கையில் ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தோடு, சிலோன்காரர் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "காலைல மொத பஸ்ஸுக்கே போயிட்டாங்களே. சாமானெல்லாம் கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பிள்ளைங்க அழுதுக்கிட்டே போச்சுங்க" என்றார். இரண்டு நாள் முழுக்க அவர் அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார். கூப்பிடு தூரத்தில். நான் வருவேன் என்று பார்த்திருப்பாரா? சாமான் கட்டுவதற்கு இரண்டு நாள் ஆகிற அளவுக்கு அந்த வீட்டில் எதுவும் கிடையாது.

கூக்கால் மலைக்கிராமத்தில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அங்கே ஒரு நாளைக்கு இரண்டே பஸ்தான். போய் இறங்கி ஏரிக்கரைத் தோட்டம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு வாரம் பூண்டு எடுக்கிற வேலை செய்துவிட்டுக் குடும்பத்தோடு நீலகிரிப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். கூடலூருக்குப் போனேன். "சிலோன்காரர் ஒருத்தர், வெல்டர்" என்று கேட்டேன். டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க எல்லாரும் சிலோன்காரங்கதான் ஐயா. நானும் சிலோன்காரன்தான். ஆளுக்குப் பேரு இல்லையா?" என்றார். பெயரைச் சொன்னேன். என் வாய்க்கே அது புதிதாக இருந்தது. அந்தப் பெயரில் லயத்துக்கு நாலு பேர் இருப்பார்கள் என்றார். அப்பா பெயர் என்ன, அங்கே எந்தத் தோட்டம் என்று கேட்டார். எந்தத் தோட்டம் என்று அவர் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான் பாதித் தூக்கத்தில் கேட்டவன். கோத்தகிரியிலும் கேட்டேன், அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் எண்பதுகள் முடியும் சமயத்தில் தாண்டிக்குடியிலிருந்து ஒரு ஜீப் வந்தது. யாரோ ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. கீழே படுத்து சைலன்சரைப் பார்த்தேன். மூட்டில் ஒரு வெல்டிங். கோடு முடிவுக்கு வந்து, ஒரு விரற்கடை திரும்பி வந்து முடிந்திருந்தது. படுத்தபடியே அழுதேன். டிரைவர் எண்ணெய் கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்துத் துணி கொண்டுவந்தார். இது யார் போட்டது என்று கேட்டேன். "வாங்குறப்பவே அப்படித்தான் இருந்துச்சுங்க. கோத்தகிரிப் பக்கத்து வண்டின்னு புரோக்கர் சொன்னான்" என்றார். மறுபடியும் கோத்தகிரிக்குப் போனேன், வெறுங்கையோடு வந்தேன். அந்த சைலன்சர் உளுத்துப்போயிருந்தது, மாற்றவேண்டியதுதான். மாற்றினேன். அந்த மூட்டை மட்டும் அறுத்து எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போதும் என் அலமாரியில் ஜெபப்புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வீட்டில் துடைக்கிறவர்கள் இந்த இரும்பு எதற்கு என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது உங்கள் சிவப்புக் காருக்கு வருவோம். லிமிட்டைத் தூக்காதீர்கள். எச்சரிக்கை வந்தால் முதலில் அதை நம்புங்கள். பைப்பை ஒடுக்குங்கள், இல்லாவிட்டால் வேஸ்ட்கேட்டைப் பெரிதாக்குங்கள். சோதனையை இங்கே முடித்துக்கொள்ளாமல் வத்தலக்குண்டுக்குக் கீழே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் நான் சொல்லாவிட்டாலும் கற்றுக்கொள்வீர்கள். கூட வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை தடித்துவிட்டால் மட்டும், வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவரைப் பாருங்கள். வண்டி இரண்டு நாள் காத்திருக்கும்.

எனக்கும் உங்களால் ஒரு உதவி ஆகவேண்டும். நீங்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள், நூறு வண்டிக்குக் கீழே படுக்கிறவர்கள். எங்கேயாவது வால் வைத்த வெல்டிங்கைப் பார்த்தால் யார் போட்டது என்று கேளுங்கள். அவருக்கு எண்பது நெருங்கியிருக்கும். மகள்கள் யாராவது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பார்த்தால் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவேண்டாம். அதை நான் போய்த்தான் கேட்கவேண்டும், என் வாயால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு. வளையம் பொருந்திவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். கொஞ்சம்கூட அராவவில்லை என்று சொல்லுங்கள்.